அரிசியை விட்டேன், ரயிலில் மயக்கம். ஜோவாருக்கு மாறினேன், சுகர் 236. எங்கே தப்பு?

டோம்பிவிலி டப்பா:

வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன், பொறுத்துக்கணும்.

வயசு 49. சொந்த ஊர் மன்னார்குடி. பம்பாய் வந்து 23 வருஷம் ஆச்சு. வீடு டோம்பிவிலி கிழக்கு, வேலை ஃபோர்ட்டில், கணக்குப் பிரிவு. சுகர் வந்து 6 வருஷம். காலையில் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மாத்திரை (கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500 ரெண்டும் சேர்ந்தது), ராத்திரி தனியா மெட்ஃபார்மின். போன மாசம் எடுத்த ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 8.4. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், "கார்ப்ஸை, அதாவது மாவுச்சத்தைக் குறைங்க" என்றார், அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம். எதைக் குறைக்கணும், எவ்வளவு குறைக்கணும்னு கேட்கறதுக்குள்ள அடுத்த ஆள் நாற்காலியில் பாதி உட்கார்ந்துட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நானும் மனைவியும் உட்கார்ந்து யோசிச்சோம். அரிசிதானே எதிரி? பக்கத்து வீட்டு மராத்தி அம்மா ஜோவார் பாக்ரி (ரொட்டி) தட்டச் சொல்லிக் கொடுத்தாங்க. சோளம்தான், நம்ம தாத்தா சாப்பிட்டது. என் மனைவிக்கு அது உடையாம தட்ட ஒரு வாரம் ஆச்சு. அது வேற கதை. முதல் நாள் ரெண்டு சாப்பிட்டேன். அருமையா இருந்தது, சிறுதானியம்தானேன்னு மூணாவதும் போச்சு. கூட பிட்லா, கடலைமாவில் செய்யறது. ரெண்டு மணி நேரம் கழிச்சு மீட்டரில் குத்திப் பார்த்தா சுகர் 236. சாதம் சாப்பிட்ட நாளில்கூட அவ்வளவு வந்ததில்லை.

அடுத்து ஒரு வியாழக்கிழமை. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு உபவாஸ். சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி கொண்டு வந்திருந்தார். "அரே, உபவாஸ் சாப்பாடு, லைட்தான்"னு பாதி டப்பாவை என் தட்டில் கொட்டினார். விரதச் சாப்பாடு ஆச்சே, ஒண்ணும் பண்ணாதுன்னு நானும் சாப்பிட்டேன். 261.

அன்னைக்கு வந்த கோபத்தில், இனி தானியமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். காலையில் ரெண்டு முட்டை வெள்ளைக்கரு, வெள்ளரிக்காய். மதியம் டப்பாவில் பீன்ஸ் பொரியல், தயிர். ராத்திரி சூப். மாத்திரை மட்டும் வழக்கம்போல. முதல் ரெண்டு நாள் மீட்டரில் 110, 104 எல்லாம் பார்த்து ராஜா மாதிரி இருந்தேன்.

மூணாம் நாள் காலையில் லோக்கல் ரயில். நல்ல மழை, ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு, கதவுப் பக்கம் நிற்கிறேன். தாணே தாண்டினதும் வேர்க்க ஆரம்பிச்சது. அந்தக் கூட்டத்தில் யாருக்குத்தான் வேர்க்காது? அதனால கண்டுக்கலை. அப்புறம் கம்பியைப் பிடிச்ச கை ஆடுது. ரயில் ஆடுதுன்னு நினைச்சேன். எங்க ரயில் பெட்டியில் தினமும் ஒரு பஜனை கோஷ்டி வரும், தாளம் மஞ்சீராவோட. அந்தச் சத்தம் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி கேட்டது. ஸ்டேஷன் பேர்ப்பலகை கண்ணுக்குத் தெரியுது, ஆனா எழுத்துக் கூட்டி வாசிக்க முடியலை. 23 வருஷமா தினம் பார்க்கிற காட்கோபர்!

கோஷ்டியில் ஒரு காகா (பெரியவர்) என் முகத்தைப் பார்த்துட்டு எழுந்து இடம் கொடுத்தார். பஜனை முடிஞ்சா அவங்க கல்கண்டு பிரசாதம் கொடுப்பாங்க. 6 வருஷமா "சுகர், வேண்டாம்"னு கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துட்டு இருந்தேன். அன்னைக்கு அவர் கேட்கவே இல்லை. ஒரு பிடி அள்ளி என் வாயிலேயே போட்டார். தாதரில் இறக்கிவிட்டு பெஞ்சில் உட்கார வச்சு, அவர் ரயிலை விட்டுட்டார். பையில் இருந்த மீட்டரை எடுத்துக் குத்தினா 64. அதுவும் கல்கண்டு உள்ளே போன பிறகு. அதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்திருக்கும்னு யோசிக்கவே பயமா இருக்கு.

இப்ப திரும்ப சாதத்துக்கு வந்துட்டேன், பழைய அளவில். கேள்வி இதுதான்: சாப்பிட்டா ஏறுது, விட்டா இறங்குது. ஜோவார் ஏன் எனக்கு வேலை செய்யலை? டப்பாவில் எவ்வளவு வைக்கணும்னு மனைவி கேட்கறா, "கொஞ்சமா"ன்னு சொன்னா, "கொஞ்சம்னா எத்தனை கரண்டி?"ன்னு திருப்பிக் கேட்கறா. பதில் இல்லை. டப்பா கட்டிட்டுப் போற யாராவது சொல்லுங்களேன்.

செம்பூர் தராசு:

என் பையனுக்கு 14 வயசு, டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை சுகர்). எட்டு வயசிலேர்ந்து அவன் தட்டில் விழுற ஒவ்வொண்ணையும் எடை போட்டு மாவுச்சத்தைக் கூட்டித்தான் இன்சுலின் போடறோம். அதனால இந்தக் கணக்கு எங்க வீட்டில் வாய்ப்பாடு மாதிரி.

உங்க தப்பு ஒண்ணே ஒண்ணு. தானியத்தின் பேரை மாத்தினீங்க, எடையைப் பார்க்கலை. சமைக்காத அரிசி 100 கிராமில் மாவுச்சத்து 78 கிராம் பக்கம். கோதுமை மாவு, ஜோவார், கேழ்வரகு எல்லாம் 100க்கு 65லிருந்து 72 வரைக்கும். கம்பு இன்னும் கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான் வித்தியாசம். நார்ச்சத்து கூட இருக்கும், வயிறு நிரம்பும், ஏறுவது கொஞ்சம் நிதானமா இருக்கலாம். ஆனா சுமை அதேதான்.

இப்ப உங்க பாக்ரியைப் பார்ப்போம். சப்பாத்திக்கு நான் உருட்டுற உருண்டையில் மாவு மட்டும் 30 கிராம், அதாவது 20 கிராம் மாவுச்சத்து. பாக்ரி கையால தட்டறது, மெல்லிசா வராது. ஒண்ணுக்கு 50, 60 கிராம் மாவு இழுக்கும். மூணு பாக்ரின்னா மாவுச்சத்து 115 கிராம் பக்கம் வரும். வடிச்ச சாதத்தில் 100 கிராமுக்கு 28 கிராம்தான் மாவுச்சத்து, மீதி பெரும்பாலும் தண்ணி. ஆக நீங்க அன்னைக்குச் சாப்பிட்டது 400 கிராம் சாதத்துக்குச் சமம். பிட்லா கடலைமாவு, அதைச் சேர்க்கவே இல்லை. 236 வராம என்ன செய்யும்?

சாபுதானா பத்திக் கேட்கவே வேண்டாம். மரவள்ளிக் கிழங்கு மாவை உருட்டிக் காயவச்சதுதான் ஜவ்வரிசி. 100க்கு 88 போகும். புரதம் இல்லை, நார் இல்லை. அதில் உருளைக்கிழங்கு வேற போடறாங்க. என் பையன் அதுக்கு வச்ச பேர் "உபவாஸ் குளுக்கோஸ்". நிலக்கடலை, நெய் இருக்கிறதால சில நாள் ரெண்டு மணி நேரத்தில் ஏறாம மூணாவது மணியில் ஏறும், அதையும் பார்த்திருக்கோம்.

உங்க மனைவி கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. ஒரு சமையல் தராசு வாங்குங்க, ஒரு கிராம் காட்டுற மாதிரி. காலி டப்பாவை வச்சு பூஜ்யம் பண்ணிட்டு, வழக்கமா வைக்கிற சாதத்தை வைக்கச் சொல்லுங்க. திருத்தாம, குறைக்காம. அந்த நம்பர் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது. அப்புறம் உங்க வீட்டுக் கரண்டி தலைதட்டி ஒண்ணு எத்தனை கிராம்னு ஒரு தரம் பார்த்து வச்சுக்குங்க. எங்க குழிக்கரண்டி 60 கிராம் பிடிக்கும், 17 கிராம் மாவுச்சத்து. வாழ்நாள் பூரா எடை போட வேண்டாம், ஒரு மாசம் போட்டா கண் பழகிடும். நான் கல்யாண வீட்டில் இலையைப் பார்த்தே சொல்லுவேன், பத்து கிராம் முன்னப்பின்ன இருக்கும். (பாயசத்தில் மட்டும் இன்னிக்கு வரைக்கும் தோத்துட்டுத்தான் இருக்கேன்.)

எத்தனை கிராம் உங்களுக்கு ஆகும்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு வேளைக்கு 45லிருந்து 60க்குள்ள ஆரம்பிக்கிறவங்க நிறைய. அதை நாள் தவறாம ஒரே அளவா வச்சுக்கிட்டு, முதல் வாய் வச்ச நேரத்திலேர்ந்து ரெண்டு மணி கழிச்சுக் குத்திப் பார்த்து, அந்த நோட்டோட டாக்டர்கிட்ட போங்க. நோட்டோட போனா நாலு நிமிஷம் பத்து நிமிஷம் ஆகும், அனுபவம்.

தாராவி இட்லி:

அண்ணாச்சி, நான் இட்லி அவிச்சு விக்கிறவன். காலையில மூணு மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும். எங்க லைன்ல பாதிப் பேரு இதே தொழில்தான், சைக்கிள்ல கட்டிட்டு மாஹிம், பாந்த்ரான்னு போவாங்க. எனக்கு சுகர் 4 வருஷமா.

சாப்பாடே சாப்பிடுறதில்ல, சுகர் மட்டும் ஏறுதுன்னு டாக்டர்கிட்ட சண்டை போட்டவன் நான். அவரு அமைதியா, "காலையில எழுந்ததிலேர்ந்து என்னென்ன வாயில போட்டீங்க, வரிசையா சொல்லுங்க"ன்னாரு. அப்பத்தான் தெரிஞ்சுது. தட்டுலேர்ந்து எடுக்கையில ஓரம் பிஞ்ச இட்லி வரும்லா, அத விக்க முடியாது. நின்னுக்கிட்டே சட்னில தொட்டு உள்ள தள்ளிருவேன். பிஞ்ச இட்லிக்கு கணக்கு கிடையாதுன்னு நெனப்பு. எண்ணிப் பாத்தா விடியுறதுக்குள்ள எட்டு, ஒம்பது. நம்ம இட்லி ஒண்ணுல மாவுச்சத்து பத்து கிராம் பக்கம் இருக்கும்னாரு. நான் "சாப்பிடவே இல்ல"ன்னு சொன்னது 90 கிராம்!

இப்ப பிஞ்சதெல்லாம் ஒரு கிண்ணத்துல போடுவேன், எம்பொண்டாட்டி எண்ணுவா. விக்கிறதுக்கு அரிசி நாலு, உளுந்து ஒண்ணு. எனக்குன்னு தனியா ரெண்டுக்கு ஒண்ணு அரைக்கிறேன். கொஞ்சம் சப்பையா வரும், ருசி ஒண்ணும் குறையல. நாலு இட்லி, தேங்காய்ச் சட்னிக்குப் பதிலா கடலைச் சட்னி, சாம்பார் மட்டும் ரெண்டு கிண்ணம், காய் நெறைய போட்டு. முன்னாடி எல்லாம் 220, 230. இப்ப 160, 170க்குள்ள நிக்குது. ஓட்ஸ் இட்லி நல்லதான்னு கஸ்டமர்லாம் கேக்காங்க. பத்து ஓட்ஸ் இட்லி தின்னா அதுவும் ஏறும்னு சொன்னா சிரிக்காங்க.

அந்த பஜனைக் காகாவுக்கு ஒரு நாள் நம்ம இட்லி கொண்டு போய்க் குடுங்க.

மாட்டுங்கா 71:

நான் 1978லிருந்து மாட்டுங்கா வாசி, பாங்கில் இருந்து ரிடையர் ஆனவன். இத்தனை எடை, தராசு எல்லாம் எதுக்கு? குக்கரில் வைக்காமல் கஞ்சி வடித்துச் சாப்பிட்டால் சுகர் கஞ்சியோடு போய்விடும். அதைவிட, ராத்திரி வடித்த சாதத்தில் தண்ணீர் ஊற்றிக் காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சாப்பிடுங்கள். ஆறின சாதம் சுகர் ஏற்றாது என்று சயின்ஸே சொல்கிறது. நான் அப்படித்தான், இரண்டு கிண்ணம்.

செம்பூர் தராசு:

மாமா, கோவிச்சுக்காதீங்கோ. கஞ்சியோட கொஞ்சம் மாவு போகும், அது நிஜம். ஆனா பருக்கைக்குள்ள இருக்கிறது அங்கேயேதான் இருக்கு. ஆறின சாதத்திலும் ஒரு பங்கு மாவு சீக்கிரம் செரிக்காத மாதிரி மாறும், அதுவும் நிஜம்தான். அந்தப் பங்கு சின்னது. எங்க வீட்டில் அதே 150 கிராமைச் சூடா ஒரு நாள், பழையதா ஒரு நாள் பையனுக்குக் கொடுத்துப் பார்த்தோம். வித்தியாசம் இருபதைத் தாண்டலை. சூடா சாப்பிட்டா ஒரு கிண்ணம், பழையதுன்னா ரெண்டு கிண்ணம்னு ஆச்சுன்னா, லாபம் எங்கே? நாளைக்கு அந்த ரெண்டு கிண்ணம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தரம் குத்திப் பாருங்கோ மாமா, எனக்காக.

மாட்டுங்கா 71:

198. கிண்ணம் பெரிசு என்று ஆத்துக்காரி சொல்கிறாள்.

மருந்துக்கடை காட்கோபர்:

எல்லாரும் சாப்பாட்டைப் பத்தியே பேசறீங்க. அவரை ரயிலில் சாய்ச்சது சாப்பாடு மட்டும் இல்லை, மாத்திரையும்தான். 18 வருஷமா கவுன்டரில் நிற்கிறேன், இந்தக் கதையை மாசத்துக்கு ரெண்டு பேர் சொல்றாங்க.

கிளிமிபிரைடு, நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பார்க்காது. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வழக்கமான சாப்பாட்டை மனசில் வச்சு டாக்டர் எழுதின அளவு அது. சாப்பாட்டை நீங்களா முக்கால்வாசி வெட்டிட்டு மாத்திரையை அப்படியே போட்டா, சுரந்த இன்சுலின் எங்கே போகும்? தனி மெட்ஃபார்மினில் இப்படி ஆவது அபூர்வம். ஒரே மாத்திரையில் ரெண்டும் சேர்ந்து வர்றதால, உள்ளே எது இருக்குன்னே நிறைய பேருக்குத் தெரியறதில்லை. மாவுச்சத்தைக் குறைக்கப் போறீங்கன்னா, குறைக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.

டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேத்துற மாத்திரை போடறவங்களுக்கு இன்னொரு ஆபத்து. தானியத்தை ஒரேடியா விட்டா ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். மீட்டரில் சுகர் பெரிசா ஏறியிருக்காது, அதனால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கல்னா நேரா ஆஸ்பத்திரி.

தாழ் சர்க்கரைக்கு: 70க்குக் கீழே போனா 15 கிராம் சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன், தண்ணியில் கரைச்சு. 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பக் குத்திப் பாருங்க. ஏறலைன்னா இன்னொரு தரம். ஏறினதும் ஏதாவது சாப்பிடணும், இல்லைன்னா திரும்ப இறங்கும். சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரையை மெதுவாத்தான் விடும். ஆளுக்கு நினைவு தப்பிட்டா வாயில் எதையும் ஊத்தக் கூடாது.

கடைசியா ஒண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. வோக்லிபோஸ்னு மூணாவது பேர் இருக்கா? இருந்தா கல்கண்டு, சர்க்கரை எல்லாம் நேரத்துக்கு வேலை செய்யாது. அந்த மருந்து குடலில் சர்க்கரையை உடைக்கிறதையே தடுக்கும். அவங்க கையில் குளுக்கோஸ் பொடிதான் இருக்கணும், அதை உடைக்கவே வேண்டியதில்லை, நேரா ரத்தத்துக்குப் போகும்.

டோம்பிவிலி டப்பா:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

தராசு வாங்கியாச்சு. செம்பூர் அக்கா சொன்ன மாதிரி, "வழக்கமா வைக்கிறதை வை"ன்னு மட்டும் சொன்னேன். மனைவி டப்பாவில் சாதத்தைப் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால ரெண்டு அழுத்து அழுத்தினா, பழக்கம். 310 கிராம். கிட்டத்தட்ட 87 கிராம் மாவுச்சத்து, அதுவும் உருளைக்கிழங்கு கறியைச் சேர்க்காம. ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அந்த அழுத்துற ரெண்டு அழுத்தில் மட்டும் 70 கிராம் சாதம் போகுதுன்னு அப்புறம் கண்டுபிடிச்சோம்.

டாக்டர்கிட்ட ஒரு வார நோட்டோட போனேன். ரயில் விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வச்சுட்டார். கிளிமிபிரைடை 1 ஆக்கிட்டார், மெட்ஃபார்மினைக் கூட்டினார். மதியத்துக்கு 50 கிராம் மாவுச்சத்துன்னு எழுதிக் கொடுத்தார். இப்ப என் டப்பா: சாதம் 130 கிராம், அழுத்தாம. கீழ் அடுக்கில் கெட்டிப் பருப்பு, மேல் அடுக்கு முழுக்கக் காய், ஒரு முட்டை, தயிர். முதலில் காயையும் முட்டையையும் சாப்பிட்டுட்டு சாதத்துக்குக் கடைசியில் வர்றேன். கடைசியில் வந்தா பசி பாதி அடங்கிடுது. அப்புறம் ஹார்னிமன் சர்க்கிள் தோட்டத்தை ரெண்டு சுத்து. ரெண்டு மணிக் கணக்கு 152, 161, 158, ஒரு நாள் 190 (யாரோ பிறந்தநாள், கேக்). பாக்ரியையும் விடலை. ஞாயித்துக்கிழமை ஒண்ணே ஒண்ணு, மாவை எடை போட்டு. மனைவிக்கு இப்ப காகிதம் மாதிரி தட்ட வருது. ஏ1சி எடுக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, வந்ததும் எழுதறேன்.

மருந்துக்கடைக்காரருக்குத் தனியா ஒரு விஷயம். என் அட்டையில் வோக்லிபோஸ் இல்லை. தாராவி அண்ணாச்சி சொன்னாரேன்னு போன செவ்வாய்க்கிழமை இட்லி எடுத்துட்டுப் போய்க் காகாவுக்குக் கொடுத்தேன். ரெண்டை மட்டும் எடுத்துக்கிட்டு, "எனக்கும் ஷுகர்தான், பத்து வருஷம்"னார். இத்தனை வருஷமா ஒரே பெட்டியில் வர்றோம், எனக்குத் தெரியாது. அவர் பையிலும் அதே கல்கண்டுப் பொட்டலம்தான், மயக்கம் வந்தா போட்டுக்கறதுக்கு. சட்டைப் பையிலேர்ந்து மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மூணு பேர் இருந்தது, மூணாவது வோக்லிபோஸ்.

தாதரில் இறங்கி முதல் வேலையா ஒரு குளுக்கோஸ் பொடி டப்பா வாங்கினேன். மறுநாள் பஜனை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவர் கையில் கொடுத்து, எனக்குத் தெரிஞ்ச மராத்தியில் விளக்கினேன். முழுக்கப் புரிஞ்சதான்னு சந்தேகம்தான். அவர் பொண்ணு நம்பர் வாங்கி வச்சிருக்கேன், இன்னிக்கு ராத்திரி பேசணும்.